சத்தம் வரும் இடம்: வீட்டு வாசலில் நடக்கும் சஸ்பென்ஷன் வேலை

சாலையின் மேடுபள்ளம் வண்டிக்குள் அமர்ந்திருப்பவரின் முதுகைச் சென்று தாக்காமல் தடுப்பதும், அதே நேரத்தில் சக்கரம் தரையை விட்டு எழும்பாதபடி அதனை அழுத்தி வைத்திருப்பதும் ஆகிய இரண்டு வேலைகளை ஒருங்கே செய்யும் உறுப்புத் தொகுதியே காரின் சஸ்பென்ஷன் ஆகும். வண்டியின் சுமையைத் தாங்கும் சுருள்வில், அந்த வில்லின் துள்ளலை எண்ணெயின் தடையால் அடக்கும் ஷாக் அப்சார்பர், சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் என்னும் இரும்புக் கை, அந்தக் கை வண்டியின் அடிச்சட்டத்தோடு சேருமிடத்தில் உள்ள ரப்பர் புஷ்கள், அதன் மறுமுனையில் சக்கரம் எல்லாத் திசையிலும் திரும்ப இடம் கொடுக்கும் பந்துமூட்டாகிய பால் ஜாயின்ட், வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் இரு சக்கரங்களையும் இணைத்துப் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பி, அக்கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு பிணைக்கும் லிங்க் ராடு ஆகியன இத்தொகுதியின் முதன்மை உறுப்புகள். இவற்றுள் கனத்த இரும்பால் ஆனவை பெரும்பாலும் வண்டியின் ஆயுள் முழுதும் நின்று உழைப்பவை. தேய்ந்து போவன ரப்பரும், பந்துமூட்டுக்குள் உள்ள நைலான் கிண்ணமும், ஷாக் அப்சார்பரின் எண்ணெயைக் காக்கும் சீலும்தாம். கைக்குள் அடங்கும் இச்சிறு பொருள்களை மாற்றுவதற்காகச் சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, திருமுல்லைவாயில் பகுதிகளில் வீடு தேடி வந்து வேலை பார்க்கும் மெக்கானிக்குகளின் தொழில் முறையை, அவர்கள் வேலை செய்த போர்ட்டிகோக்களிலும் தெருவோரங்களிலும் நேரில் கண்டதன் அடிப்படையில் இக்கட்டுரை விவரிக்கிறது.

இப்பகுதியில் இத்தகைய தொழிலாளர்கள் மிகுந்திருப்பதற்குக் காரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையும், அதே பத்தாண்டில் டாங்கிகளை உருவாக்கத் தொடங்கிய ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையும், அவற்றைச் சுற்றி வளர்ந்த லேத் பட்டறைகளும் இரும்பைக் கையால் அறிந்த மனிதர்களைத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கி வந்துள்ளன. இன்னொரு பக்கம், தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதும், அதன் பின்னர்த் தகுதிச் சான்று பெற்று ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பதும் நடைமுறை விதி. இவ்வாறு வயதேறிய வண்டிகளின் உரிமையாளர்கள் நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்துக்குச் செல்லத் தயங்குகின்றனர். அங்கே ஒரு புஷ் கிழிந்திருந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றாமல் லோயர் ஆர்மை முழுதாக மாற்றும் வழக்கமே மிகுதி. நேரத்தைக் கணக்கிடும் நிறுவனத்துக்கு அது சரியான கணக்கு. வண்டியின் விலையே குறைந்துவிட்ட உரிமையாளருக்கு அது சரியான கணக்கன்று. வீட்டுக்கு வரும் மெக்கானிக்கின் இடம் இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் அமைந்துள்ளது.

இன்றைய சிறு கார்களின் முன்பக்கத்தில் ஏறக்குறைய எங்கும் காணப்படுவது மெக்பெர்சன் ஸ்ட்ரட் என்னும் அமைப்பாகும். சுருள்வில்லையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாக இணைத்து, அத்தூணையே சக்கரத்தின் மேல் பிடிப்பாகவும் பயன்படுத்தும் இந்த முறை, எர்ல் மெக்பெர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் வழங்குகிறது. 1950ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், செஃபையர் கார்களின் வழியாக அது பரவலாக அறியப்பட்டது. இந்தியச் சாலைகளில் இதனைப் பெருவாரியாகக் கொண்டு சேர்த்தது 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800. அதற்கு முன்னர் ஓடிக்கொண்டிருந்த அம்பாசடரின் முன்பக்கத்தில் சுருள்வில்லே கிடையாது. முறுக்கப்படும்போது எதிர்த்து நிற்கும் டார்ஷன் பார் என்னும் நீண்ட எஃகுத் தண்டுதான் சுமையைத் தாங்கியது. அந்த வண்டியின் மூட்டுகளில் கிரீஸ் நிப்பிள்கள் இருந்தமையால், குறிப்பிட்ட தூரம் ஓடியதும் கிரீஸ் கன்னால் புதிய கிரீஸை ஏற்றிப் பழைய அழுக்கு கிரீஸை வெளியே தள்ளுவது ஒரு வழக்கமான வேலையாக இருந்தது. பட்டறையில் சேரும் சிறுவனுக்கு முதலில் தரப்பட்ட பொறுப்பும் பெரும்பாலும் அதுவே. இப்போதைய பால் ஜாயின்டுகள் தயாரிப்பிலேயே கிரீஸ் நிரப்பி ரப்பர் உறையால் மூடப்பட்டு வருவதால், அவற்றைப் பேணுவதற்கு வழியில்லை, மாற்றுவதற்கு மட்டுமே வழியுண்டு. அந்த உறை கிழிந்துவிட்டால் தண்ணீரும் மணலும் உள்ளே புகுந்து கிரீஸைக் கழுவிவிடுகின்றன. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் சக்கரம் மூழ்க நின்ற வண்டிகளை மெக்கானிக்குகள் தனி வகையாகவே வைத்துப் பேசுகின்றனர். எஞ்சினைக் காப்பாற்றிய உரிமையாளர் அத்தோடு நிம்மதியடைந்துவிடுவதும், மூட்டுகளில் புகுந்த நீரின் விளைவு சத்தமாக வெளிப்படுவதற்குப் பல மாதங்கள் ஆவதும் அவர்கள் அடிக்கடி சுட்டிக்காட்டும் செய்தி.

சத்தத்தைக் கேட்டு அதன் இடத்தைக் கண்டறிவதே இத்தொழிலின் மையம் என்பதும், கழற்றி மாட்டுவது அதனினும் எளிய பகுதி என்பதும் களத்தில் மிக விரைவாகத் தெளிவாகின்றன. திறமையான மெக்கானிக் வந்தவுடன் பையைத் திறப்பதில்லை. உரிமையாளரை ஓட்டச் சொல்லித் தாம் பக்கத்து இருக்கையில் அமர்ந்து தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார், அல்லது வண்டியை வேகத்தடையின் மீது ஏற்றி இறக்கச் சொல்லி வெளியே நின்று கேட்கிறார். இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதலின்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு மெல்ல வளைந்தெழும் மேடாக இருக்க வேண்டும். தெருக்களில் உள்ளதோ தார்க் கலவையை ஒரு முழ அகலத்தில் குவித்துவிட்டுப் போன வரப்பு. மெக்கானிக்குகளின் வருமானத்தில் ஒரு பங்கு இந்த வரப்புகளால் வருகிறது என்பதை அவர்களே சிரித்தபடி ஒப்புக்கொள்கின்றனர்.

சத்தங்களுக்கு அவர்களிடம் தெளிவான பாகுபாடு உண்டு. சிறு சிறு குழிகளில் மெதுவாகச் செல்லும்போது 'லொட லொட'வென்று இடைவிடாமல் வருவது பெரும்பாலும் லிங்க் ராடு. பெரிய பள்ளத்தில் இறங்கும்போது 'டொக்'கென்று ஒற்றை அடியாக விழுவது லோயர் ஆர்ம் புஷ் அல்லது பால் ஜாயின்ட். நின்ற நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வில் முறுகி விடுபடுவதுபோல் 'டொய்ங்' என்று எழுவது தூணின் உச்சியில் உள்ள ஸ்ட்ரட் மவுண்டின் பேரிங். மழைக்காலத்தில் மறைந்து வெயிற்காலத்தில் மீண்டும் வரும் கீச்சொலி காய்ந்துபோன ரப்பர். பிரேக்கை அழுத்தியபோது மட்டும் ஒரு முறை தட்டினால் லோயர் ஆர்மின் பின் புஷ்ஷைச் சந்தேகிக்க வேண்டும். ஏனெனில் பிரேக்கின் விசை சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளும்போது அந்த விசையைப் பெரிதும் வாங்கிக்கொள்வது அந்தப் புஷ்ஷே. இப்பாகுபாடு எந்தக் கையேட்டையும் பார்த்து மனப்பாடம் செய்யப்பட்டதன்று. ஒவ்வொரு வண்டியிலும் ஊகித்து, கழற்றி, ஊகம் சரியா என்று கையில் எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொண்டதன் திரட்சி. ஆயினும் ஒலி ஏமாற்றக்கூடியது என்பதையும் அவர்கள் நன்கு அறிந்துள்ளனர். வண்டியின் உடற்கூடு ஒரே தகட்டுப் பெட்டியாக இருப்பதால் இடப் பக்கத்துத் தட்டல் வலப் பக்கத்துக் காலடியில் கேட்பதுண்டு. டிக்கியில் கழன்று கிடக்கும் ஜாக்கிக்காக ஷாக் அப்சார்பரை மாற்றியவர்களும் உண்டு.

ஆகவே காதுக்குப் பின் கை வருகிறது. வண்டியின் ஒரு மூலையை உடல் எடையால் அழுத்தி விடும்போது அது ஒரு முறை எழும்பி அமர்ந்துவிட வேண்டும். மீண்டும் மீண்டும் ஆடினால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது என்பது பொதுவாக அறியப்பட்ட சோதனை. இச்சோதனை முற்றிலும் பழுதானதை மட்டுமே காட்டிக்கொடுக்கும் என்பதும், பாதி வலுவிழந்த ஷாக் அப்சார்பர் இதில் தேறிவிடும் என்பதும் பலர் கவனிக்கத் தவறும் உண்மை. டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையைச் சுற்றுத் திசையில் தடவிப் பார்ப்பது இதனினும் நம்பகமானது. சக்கரம் துள்ளித் துள்ளி ஓடியிருந்தால் ரப்பரில் இடைவெளி விட்டு இடைவெளி விட்டுப் பள்ளம் விழுந்திருக்கும், அது கண்ணைவிட முன்னதாகக் கைக்குத் தெரிந்துவிடும். அடுத்ததாகச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுவதும், பக்கவாட்டில் பிடித்து ஆட்டுவதும் நடைபெறுகின்றன. பக்கவாட்டில் மட்டும் ஆட்டம் இருந்தால் அது பெரும்பாலும் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டின் குற்றம். மேலும் கீழும் ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இவ்விரண்டையும் பிரித்தறிய, ஒருவர் சக்கரத்தை ஆட்ட இன்னொருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்கிறார். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் மூட்டு. ஸ்ட்ரட் அமைப்பில் வண்டியின் சுமை தூணின் வழியாக இறங்குகிறதேயன்றிக் கீழ்ப் பந்துமூட்டின் வழியாக இறங்குவதில்லை. எனவே சக்கரம் தொங்கும் நிலையில் கடப்பாரை போன்ற நெம்புகோலை ஆர்முக்கும் சக்கரத் தாங்கிக்கும் இடையே கொடுத்து மெல்ல நெம்பினால் நைலான் கிண்ணம் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பது விரல் நுனிக்குப் புலப்படுகிறது. புஷ்ஷின் ரப்பரில் மேலோட்டமாக வெடிப்பு இருப்பதாலேயே அதனைத் தூக்கி எறியத் தேவையில்லை. நெம்பும்போது உள்குழாய் வெளிக்குழாயின் மீது போய்த் தட்டுகிறதா என்பதே கேள்வி. ஷாக் அப்சார்பருக்கும் அவ்வாறே. மெல்லிய எண்ணெய்ப் படலமும் அதில் ஒட்டிய தூசியும் குற்றமல்ல, கோடாக வழிந்திருந்தால்தான் சீல் போய்விட்டது என்று பொருள்.

வேலையின் அடுத்த கட்டமான வண்டியைத் தூக்குதலில் வீட்டு வாசலுக்கும் பட்டறைக்கும் உள்ள வேறுபாடு கவலைக்குரிய அளவில் வெளிப்படுகிறது. பட்டறையில் லிஃப்ட் அல்லது ஆள் இறங்கி நிற்கும் குழி இருக்கும். வாசலில் ஜாக்கி மட்டுமே உண்டு. ஜாக்கி என்பது தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கான கருவி அன்று. அதன் எண்ணெய் சீல் எந்த நொடியிலும் தளரக்கூடும் என்பதால், தூக்கியவுடன் அடிச்சட்டத்தின் கெட்டியான இடத்தில் ஜாக்கி ஸ்டாண்டு என்னும் முக்காலித் தாங்கியை நிறுத்திய பின்னரே கையை உள்ளே நுழைக்க வேண்டும். இதற்குப் பதிலாக ஹாலோ பிளாக்குகளை அடுக்குவதைப் பல இடங்களில் காண நேர்ந்தது. உள்ளீடற்ற அந்தக் கல் சுவரில் பரவி அமரும் சுமையைத் தாங்குவதற்காக வார்க்கப்பட்டது. ஒரே புள்ளியில் விழும் சுமைக்கு அது எந்த முன்னறிவிப்புமின்றி நொறுங்கிவிடும். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் கழற்றிய சக்கரத்தையே வண்டியின் அடியில் படுக்க வைத்துவிடுகின்றனர். எல்லாம் தவறினாலும் வண்டி சக்கரத்தின் மீதுதான் விழும், கீழிருப்பவரின் மார்பின் மீது விழாது. செலவில்லாத இந்த வழக்கத்தைக் கைக்கொள்ளாதவரை வீட்டு வாசலில் வேலை செய்ய அனுமதிக்கவே கூடாது.

முன் சக்கரங்கள் இரண்டையும் ஒருசேரத் தூக்குவதற்கும் காரணம் உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் கம்பி முறுகி நிற்கும். அந்த முறுக்கத்தில் லிங்க் ராட்டின் நட்டைக் கழற்றினால் கம்பி தெறித்துக் கையைத் தாக்கும், திரும்ப மாட்டும்போது துளைகளும் நேர்க்கோட்டில் வாரா. லிங்க் ராட்டின் நட்டைத் திருப்பும்போது உள்ளே உள்ள பந்தும் சேர்ந்து சுழலும் என்பதால், தண்டின் நுனியில் உள்ள அறுகோணக் குழியில் எல் கீயை வைத்துப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரைத் திருப்ப வேண்டியுள்ளது. துருவேறிய நட்டில் அந்தக் குழி நைந்து போவது அன்றாட நிகழ்வு; அப்போது உளியும் ஆக்ஸா பிளேடும் வெளிவருகின்றன. எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்தில் கடற்காற்றில் நின்ற வண்டிகளுக்கு முதல் நாள் மாலையே துரு நீக்கும் எண்ணெயை நட்டுகளில் அடித்து வைக்கும்படி உரிமையாளரிடம் தொலைபேசியில் சொல்லிவிடும் மெக்கானிக்குகளும் உள்ளனர்.

பால் ஜாயின்டைப் பிரிக்கும் முறை இத்தொழிலின் நுட்பத்தைக் காட்டும் நல்ல சான்று. பல வண்டிகளில் அதன் தண்டு கூம்பு வடிவில் குறுகிச் சென்று, அதே வடிவிலான துளைக்குள் இறுகப் பதிந்திருக்கும். நட்டைக் கழற்றினாலும் தண்டு வெளிவராது. புதிதாகக் கற்பவர் தண்டின் நுனியில் சுத்தியால் அடிப்பார். நுனி பூத்து மரை கெடுமே தவிரப் பிடி விடாது. தேர்ந்தவரோ நட்டை இரண்டு மூன்று மரை மட்டும் பிடித்திருக்கும்படி விட்டுவிட்டு, தண்டைத் தொடாமல், துளையைச் சூழ்ந்துள்ள இரும்புக் கண்ணின் பக்கவாட்டில், ஒரு பக்கம் கனத்த சுத்தியை அணைத்து வைத்து மறுபக்கம் இன்னொரு சுத்தியால் ஓங்கி அடிக்கிறார். அந்த அடியில் வட்டமான கண் ஒரு கணம் நீள்வட்டமாக நெளிந்து மீள்கிறது. அந்தக் கணத்தில் கூம்பின் பிடி தளர்ந்து தண்டு 'டக்'கென்று இறங்குகிறது. விட்டு வைத்த நட்டு அது முழுதாக விழாமல் தடுத்துவிடுகிறது. ரப்பர் உறையில் கீறல்கூட விழுவதில்லை. வேறு சில வண்டிகளில் கூம்புக்குப் பதிலாகப் பள்ளம் வெட்டிய நேர்த்தண்டு ஒரு குறுக்குப் போல்ட்டால் நெரித்துப் பிடிக்கப்பட்டிருக்கும். அங்கே சுத்திக்கு வேலையில்லை, போல்ட்டை முழுதாக உருவிவிட்டு இடைவெளியை உளியால் சற்றே விரித்தால் போதும். மூட்டு பிரிந்ததும் சக்கரத் தாங்கி தன்னிச்சையாக வெளிப்புறம் ஆடும். அதனை அப்படியே இழுத்துவிட்டால் கியர்பாக்ஸிலிருந்து வரும் டிரைவ் ஷாஃப்டின் உள் மூட்டு கழன்றுகொள்ளும் என்பதாலும், பிரேக் ஹோஸ் சுமையைத் தாங்கக் கூடாது என்பதாலும், மெல்லிய கட்டுக்கம்பியால் அதனை ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டிவிடுகின்றனர்.

கழற்றிய ஆர்மிலிருந்து பழைய புஷ்ஷை அழுத்தி வெளியேற்றவும் புதியதை ஏற்றவும் பெரும்பாலும் அருகிலுள்ள லேத் பட்டறையின் ஹைட்ராலிக் பிரஸ்ஸே உதவுகிறது. புஷ் எளிதில் ஏறுவதற்காகக் கிரீஸ் தடவும் பழக்கம் தவறானது. பெட்ரோலியத்திலிருந்து வரும் கிரீஸ் இயற்கை ரப்பரை ஊதவைத்து நெகிழச் செய்துவிடும், சோப்புத் தண்ணீரே போதும். சில புஷ்களின் ரப்பரில் பிறை வடிவில் இரு வெற்றிடங்கள் விடப்பட்டிருக்கும். அது வார்ப்புக் குறையன்று, ஒரு திசையில் மென்மையும் மறு திசையில் விறைப்பும் வேண்டுமென்று வடிவமைத்தவர் விட்டது. எந்தத் திசையில் அது இருந்தது என்பதைப் பழையதை எடுக்கும் முன்பே ஆர்மின் மீது சாக்பீஸால் குறித்துக்கொள்ளாமல் பிரஸ்ஸுக்கு அனுப்பினால், புதிய புஷ்ஷோடும் வண்டி முன்னைவிட மோசமாக ஓடும்.

கடைசியாக நட்டை முறுக்கும் கட்டத்தில்தான் தேர்ந்த வேலைக்கும் அரைகுறை வேலைக்கும் உள்ள வேறுபாடு தீர்மானமாகிறது. ரப்பர் புஷ்ஷின் உள்குழாய் போல்ட்டால் அடிச்சட்டத்தோடு அசையாமல் இறுக்கப்படுகிறது. வெளிக்குழாய் ஆர்மோடு சேர்ந்து அசைகிறது. இரண்டுக்கும் இடையில் ஒட்டிய ரப்பர் வழுக்குவதில்லை, முறுகி மீள்கிறது. சக்கரம் காற்றில் தொங்கும் நிலையில் ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிலைத்துவிடும். ஒவ்வொரு பள்ளத்திலும் அது இன்னும் கூடுதலாக முறுகி விரைவில் கிழிந்துவிடும். ஆகையால் போல்ட்டுகளைக் கையால் மட்டும் பிடிக்கவிட்டு, சக்கரத்தை மாட்டி, வண்டியின் முழு எடையும் சக்கரங்களின் மீது அமர்ந்த பின்னர் இறுதியாக இறுக்குவதே முறை. வாசலில் இது எளிதன்று. வண்டி இறங்கிய பிறகு ஸ்பேனர் நுழைய இடமிருக்காது. ஆவடிப் பக்கத்தில் வேலை செய்த நடுவயது மெக்கானிக் ஒருவர் நான்கு கனத்த மரக்கட்டைகளைத் தம் இரு சக்கர வண்டியில் எப்போதும் கட்டி வைத்திருந்தார். சக்கரங்களின் கீழ் அவற்றை வைத்து, வண்டியை அவற்றின் மீதே இறக்கி, இரண்டு மூன்று முறை அழுத்தி அமர வைத்து, அதன் பின்னரே படுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். "அண்ணே, தொங்கும்போதே டைட் பண்ணிட்டா வேலை சீக்கிரம் முடிஞ்சிடுமே" என்று உதவியாளச் சிறுவன் கேட்டபோது, "முடிஞ்சிடும்டா, ஆனா ஆறு மாசத்துல சார் திரும்பக் கூப்பிடுவாரு" என்பதே பதிலாக வந்தது. கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சிரித்தார். அவருடைய வண்டியில் சென்ற முறை வேறொருவர் செய்த வேலை அவ்வாறே முடிந்திருந்தது.

புஷ்ஷும் லிங்க் ராடும் பால் ஜாயின்டும் வாசலில் மாற்றத்தக்கவை. ஸ்ட்ரட்டைப் பிரிப்பது அவ்வாறன்று. வண்டியிலிருந்து தூணைக் கழற்றிய பின்னும் சுருள்வில் முழுதாக விரிந்துவிடுவதில்லை. உச்சியிலுள்ள ஒரே ஒரு நட்டு அதனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 800 கிலோ எடையுள்ள சிறு காரில்கூட முன் சக்கரம் ஒவ்வொன்றின் மீதும் 200 கிலோவுக்கு மேல் அமர்கிறது என்பதை நினைத்தால் அந்த வில்லின் வலிமை விளங்கும். கம்பிரசர் என்னும் இரட்டைத் திருகுக் கருவியால் வில்லை ஒடுக்காமல் அந்த நட்டைத் தொட்டால் மேல்தட்டு முகத்துக்கு நேரே தெறிக்கும். கயிற்றாலும் சங்கிலியாலும் வில்லைக் கட்டிவிட்டு நட்டைக் கழற்றும் துணிச்சலைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோர் உண்டு. அந்தப் பேச்சில் கை இழந்தவர்களைப் பற்றிய செய்தி இடம்பெறுவதில்லை. பொறுப்பான மெக்கானிக்குகள் தூணை முழுதாகக் கழற்றி, சக்கரத் தாங்கியோடு அது சேரும் இரு போல்ட்டுகளின் நிலையையும் குறித்துக்கொண்டு, பிரிக்கும் வேலையை மட்டும் கருவியுள்ள பட்டறைக்கு எடுத்துச் செல்கின்றனர்.

உதிரிபாகம் வாங்குவதற்குச் சென்னையில் இரு திசைகள் உள்ளன. அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, மக்கள் வழக்கில் ஜி.பி. ரோடு, புதிய பாகங்களுக்கான கடைத்தெரு. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டை மற்றொன்று. சஸ்பென்ஷனைப் பொறுத்தவரை மெக்கானிக்குகள் ஏறக்குறைய ஒருமித்துக் கூறும் விதி ஒன்றுண்டு: இரும்பைப் பழையதாக வாங்கலாம், ரப்பரையும் மூட்டையும் பழையதாக வாங்கக் கூடாது. புதுப்பேட்டையில் கிடைக்கும் வளையாத லோயர் ஆர்மில் புதிய புஷ் ஏற்றுவது நியாயமான சிக்கனம். அங்கே துடைத்துப் பூச்சடித்து வைக்கப்பட்ட ஷாக் அப்சார்பரை வாங்குவது இன்னொருவரின் தேய்மானத்தை விலை கொடுத்து வாங்குவது. ஸ்டியரிங், சஸ்பென்ஷன் மூட்டுகளைத் தயாரிக்கும் ரானே குழுமம் 1929இல் சென்னையிலேயே தொடங்கியது. தரமான பாகம் உள்ளூரிலேயே உருவாகும் நகரத்தில் போலிப் பெட்டிகளும் உலவுவது முரண்தான். ஷாக் அப்சார்பர்களை ஒரே அச்சின் இரு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதிலும் விலக்கில்லை. ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி நேராக நிற்காது.

இத்தொழிலுக்குள் நுழைவோர் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியில், உறவினர் ஒருவரின் கைபிடித்து வருகின்றனர். முதற்பாடம் ஸ்பேனர்களின் எண்கள்: பத்து-பதினொன்று, பன்னிரண்டு-பதின்மூன்று, பதினாலு-பதினைந்து, பதினாறு-பதினேழு என்று இரட்டை இரட்டையாக வழங்கும் அவ்வெண்கள், வண்டிக்கடியிலிருந்து நீளும் கையில் கேட்ட நொடியில் வைக்கப்பட வேண்டும். நாளடைவில், தலை தெரியாத போல்ட்டையும் விரலால் தடவியே அதன் அளவைச் சொல்லும் நிலை வருகிறது. டார்க் ரெஞ்ச் என்னும் முறுக்கு விசை காட்டும் கருவி சிலரிடமே உண்டு. ஏனையோர் கையின் மதிப்பீட்டையே நம்புகின்றனர். இந்த நம்பிக்கை சக்கர நட்டுகளில் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆனால் குறுக்குப் போல்ட்டுகளில் மிகையாக இறுக்கி மரையை அறுப்பது அடிக்கடி நடப்பதால், இது மாற வேண்டிய பழக்கமே. உடல் தரும் விலையும் சிறிதன்று: சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து, முகத்துக்கு நேர் மேலே கைகளை உயர்த்தி முறுக்குவதால் நாற்பது வயதுக்குள் தோளும் கழுத்தும் பிடித்துக்கொள்கின்றன; துரு கண்ணில் விழுவதை அவர்கள் காயமாகவே எண்ணுவதில்லை. பாதுகாப்புக் கண்ணாடியை எவரும் அணிந்திருக்கவில்லை.

வேலை முடிந்த வண்டி அன்றோ மறுநாளோ வீல் அலைன்மென்டுக்குச் செல்ல வேண்டும். லோயர் ஆர்மோ டை ராடு எண்டோ மாறினால் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நோக்கும் கோணம் இம்மியளவு மாறும். அந்த இம்மியை டயர் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் தன் ஒரு பக்க ஓரத்தைத் தேய்த்துக் காட்டிவிடும். சக்கரங்களின் பக்கவாட்டில் நூல் பிடித்துக் கோணத்தைச் சரிசெய்யும் பழைய முறையை அறிந்தவர்கள் இன்னும் உள்ளனர். வண்டியை அலைன்மென்ட் நிலையம் வரை பாதுகாப்பாக ஓட்டிச் செல்ல அது உதவுகிறது, அதற்கு மேல் உதவாது. ஒரு வாரம் ஓடியதும் எல்லா நட்டுகளையும் மறுபடி தொட்டுப் பார்ப்பதும் நல்ல மெக்கானிக்கின் வழக்கம். அதற்காக அவர்கள் தனிக் கூலி கேட்பதில்லை.

கூலி முறையில்தான் இத்தொழிலின் பெரிய குறை இருக்கிறது. கட்டணம் மாற்றப்படும் பாகத்தின் மீது நிர்ணயிக்கப்படுகிறது. கண்டறியும் வேலைக்கு விலை கிடையாது. மெக்கானிக் வந்து தெருவைச் சுற்றி ஓட்டி, தூக்கி, நெம்பி, தடவிப் பார்த்து, சத்தம் டிக்கியிலிருந்த ஜாக்கியிலிருந்தே வருகிறது என்று கண்டுபிடித்துக் கட்டி வைத்துவிட்டுப் போனால், "ஒன்னும் மாத்தலையே" என்று ஒரு காப்பியோடு அனுப்பிவிடுவது வழக்கமாக உள்ளது. தேவையில்லாத பாகங்கள் மாற்றப்படுவதற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம். மாற்றினால்தான் கூலி என்றிருக்கும்போது மாற்றாமல் போகும் நேர்மையை எத்தனை நாளைக்கு எதிர்பார்க்க முடியும்? வண்டியைச் சோதித்து, எதையும் மாற்ற வேண்டியதில்லை என்று சொல்பவருக்கும் அரை நாள் கூலியைக் கொடுத்தே அனுப்ப வேண்டும்.